முன்பக்கம் மட்டும் பொருந்திய சட்டை

அன்பான அத்தாவுக்கு, உங்கள் ஜாபர் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

எட்டு வருடம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு விலாசம் இல்லை. சவூதியில் உங்களை அடக்கிய இடம் எந்த ஊரில், எந்தப் பக்கம் என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாளை மறுநாள், நீங்கள் எனக்கு அனுப்பிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு பையன் கேமரா முன்னால் உட்காரப் போகிறான். அதற்குள் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். கேட்ட பிறகும் என்னை மகன் என்பீர்களா என்று தெரியவில்லை.

முதலில் என் பிழைப்பைச் சொல்கிறேன். நான் சினிமாவில் இருக்கிறேன், அத்தா. பயப்படாதீர்கள், நடிப்பதில்லை. நடிக்கிறவர்கள் என்ன உடை போட வேண்டும் என்று பார்த்துக் கொடுக்கிற வேலை. காஸ்ட்யூம் அசிஸ்டென்ட் என்று பெயர். லப்பைக்குடிக்காட்டில் யாராவது கேட்டால் அம்மா, “ஜவுளி சம்பந்தமான வேலைல இருக்கான்” என்று சொல்லிவிடுகிறார். அதிலும் பொய் ஒன்றும் இல்லை.

இப்போது அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். கம்பெனி இதை ஒரு மாதத்துக்கு எடுத்திருக்கிறது. மணமகன் அறை என்று போர்டு போட்ட அறைதான் எங்கள் துணி அறை. சுவரெல்லாம் கயிறு கட்டிச் சட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி வந்து எல்லாவற்றின்மேலும் படிகிறது. நாங்கள் அழுக்காக்கத் தேவையே இல்லை, கதைக்குப் பொருத்தமாகத் தானே அழுக்காகிவிடுகின்றன.

படம், பிளஸ் டூ படிக்கும் மூன்று பையன்களைப் பற்றியது. கதை நடப்பது தொண்ணூற்றெட்டில். ஆரம்பத்திலேயே டைரக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “கடைக்குப் போய் யூனிஃபார்ம் வாங்கிட்டு வந்து நிக்காத. மொதல்ல பசங்களப் பாரு. அந்த வயசுல ஒவ்வொருத்தனும் எதையோ மறைப்பான். அது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுத் துணிக்குப் போ.”

அதனால் இரண்டு மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலும் அரியலூர் பஸ் ஸ்டாண்டிலும் பையன்களைப் பார்ப்பதே எனக்கு வேலை. காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை பார்ப்பேன், சாயங்காலம் மறுபடி பார்ப்பேன். போலீஸ்காரர் ஒருவர் இரண்டு தடவை விசாரித்தார். சினிமாவுக்கு என்றதும் தன் மச்சான் மகனுக்கு வாய்ப்பு கேட்டார்.

என்னவெல்லாம் பார்த்தேன் தெரியுமா, அத்தா. ஒருவன் காலருக்கடியில் எப்போதும் கைக்குட்டை மடித்து வைத்திருந்தான். ஸ்டைலுக்கு என்றுதான் அவன் கூட்டாளிகள்கூட நினைத்தார்கள். பழகின பிறகு பார்த்தால் காலர் நைந்து நூல் நூலாக இருந்தது. ஒருவன் புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் வயிற்றோடு அணைத்தபடியே நிற்பான். சட்டையில் கீழ் இரண்டு பொத்தான் கிடையாது. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் பெண் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் எல்லாப் பையன்களும் குழாயடிக்குப் போய்த் தலையில் இருக்கும் லாரித் தூசியைக் கழுவிக்கொள்வார்கள். ஒருவன் மட்டும் கழுவ மாட்டான். தண்ணீர் பட்டால் அவன் முடி சுருண்டுகொள்ளும், அதில் அவனுக்குக் கூச்சம்.

“ஒனக்கு எதுக்குடா பயம்?” என்று ஒவ்வொருவனையும் கேட்டேன். “பயமா, எனக்கா?” என்று எல்லோரும் சொல்லி வைத்ததுபோல் ஒரே பதிலைச் சொன்னார்கள். சொல்லும்போதே கை போய்ச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது. நூலகத்தில் உளவியல் புத்தகங்களை எடுத்து அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பாதி புரிந்தது. மீதியைப் பஸ் ஸ்டாண்டில் கற்றுக்கொண்டேன். வயசுப் பையனுக்கு உடம்பு அவனைக் கேட்காமலே வளர்கிறது. அவன் கையில் இருப்பது உடை ஒன்றுதான். அதை வைத்துத்தான் அவன் உலகத்திடம் பொய் சொல்கிறான்.

ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எதை மறைக்கிறார்கள் என்று இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன். நான் எதை மறைத்தேன் என்று ஒரு வரி எழுதவில்லை.

டைரக்டர் இரண்டு நோட்டையும் பொறுமையாகப் படித்தார். “துணியெல்லாம் சரியா இருக்குப்பா. துணிக்குள்ள பையன் இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் நம் வீட்டில் அந்த விருந்து நடந்தது. இடம் பார்க்கப் போய்விட்டு லப்பைக்குடிக்காடு வழியாகத் திரும்பும்போது, “ஒங்க வூட்டுல சாப்புட்டுப் போவலாமா?” என்று டைரக்டரே கேட்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவசரமாகத் தேங்காய்ச் சோறும் கறி ஆணமும் ஆக்கிவிட்டார். துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கதவோரம் நின்றபடி பேச ஆரம்பித்தார். பேச்சு வளர்ந்து, எனக்கு எது வரும் என்று பயந்தேனோ அதில் வந்து நின்றது.

“எம் புள்ள எவ்ளோ பாசக்காரன் தெரியுமா சார்? இவன் அத்தா சவூதிலேருந்து சட்ட அனுப்புவாங்க. கடைசியா வந்தப்ப பாத்த அளவுதான் அவங்க கண்ணுல நிக்கிது. இவன் வளந்துட்டான். ஒண்ணுகூடப் பத்தாது. பத்தலன்னு எழுதுனா அத்தா மனசு கஷ்டப்படும்மான்னு இவனேதான் சார் சொன்னான். பதினாலு வயசுல. முதுகுல நடுவுல வெட்டி வுடுங்க, முன்பக்கம் சரியா இருந்தா போதும், போட்டோவுல முதுகா தெரியப் போவுதுன்னான். அப்புடியே வெட்டி, ஊக்கு குத்தி, பெரம்பலூர் ஸ்டுடியோவுல போட்டோ எடுத்து அனுப்புவோம். அவங்களும் சரியா இருக்குன்னு அதே அளவுலயே அடுத்த சட்டய அனுப்புவாங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய் பீரோவிலிருந்து ஆறு சட்டைகளை எடுத்து வந்து விரித்தார். முன்னால் பார்த்தால் இன்று வாங்கியதுபோல் இருந்தன. திருப்பினால் முதுகு, கழுத்திலிருந்து அடிவரை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஊக்குக் குத்திய இடங்களில் துரு.

டைரக்டர் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. “இதாம்ப்பா என் படம்” என்றார். “இந்தப் பையனத்தான் இவ்ளோ நாளா தேடுனேன். பக்கத்துலயே வெச்சுக்கிட்டு ஏன்யா சொல்லல?”

நான் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அத்தா, இனிமேல் எழுதப் போவதுதான் நான் சொல்ல வந்தது.

தொண்ணூற்றைந்தில் நீங்கள் லீவு முடிந்து கிளம்பிய நாள் உங்களுக்கு நினைவிருக்குமா? பெரம்பலூரில் சென்னை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். என்னைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். “ஏஜெண்டுக்கிட்ட பேசிட்டேன். பாஸ்போர்ட்டுல வயசக் கூட்டிப் போட்டுக்கலாம், அதெல்லாம் பெருசில்ல. ஆளு பாக்க வளந்துருக்கணும், அவ்ளோதான். நீ போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டே இரு. அளவா வந்துட்டேன்னா விசா எடுத்துடுறேன். அத்தாவுக்கும் தொணயாச்சு.” நீங்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொல்லையில் வாந்தி எடுத்தேன்.

நம் தெரு ரஹீம் அப்படித்தான் பதினைந்து வயதில், இருபத்தொன்று என்று எழுதிய பாஸ்போர்ட்டோடு போனான். இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவன் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். நான் அவனுக்கு ஓதும் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தபோது கையை நீட்டக்கூடப் பயந்தான். எனக்குப் படிப்பில் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை, அத்தா. டாக்டராக வேண்டும், கலெக்டராக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவே இல்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்.

ஆகவே நான் வளராமல் இருக்க முடிவு செய்தேன். முடிகிற காரியமா அது? பதிமூன்று முடிவதற்குள் கிடுகிடுவென்று உயர்ந்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய முதல் சட்டை வந்தபோது கை உள்ளேயே போகவில்லை. அம்மா, “அளவு எழுதிப் போடுவோம்” என்று பேப்பரைத் தேடினார். அப்போதுதான், அத்தா மனசு கஷ்டப்படும் என்று சொன்னேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். உங்கள் மனசைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இருக்கவில்லை. சின்னச் சட்டை எனக்குப் பொருந்துகிறது என்று நீங்கள் நம்பினால் விசா வராது. அந்தக் கணக்குத்தான்.

ஸ்டுடியோவில் பெரிய மர நாற்காலி ஒன்று இருந்தது. அதில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிப்பேன். அதில் யார் உட்கார்ந்தாலும் சின்னப் பிள்ளையாகத் தெரிவார்கள். முழங்கைக்குமேல் கையை மடித்துவிட்டுக்கொள்வேன், நீளம் பத்தாதது தெரியாது. நீங்கள் வீட்டில் விட்டுப்போன ரேஸரால் அரும்பு மீசையை வழித்துக்கொண்டு போவேன். இறுக்கத்தில் மூச்சை வெளியே விட்டுவிட்டு அப்படியே சிரிப்பேன். குரல் உடைந்த பிறகு, நீங்கள் தெருமுனைக் கடைக்குப் போன் செய்யும்போதெல்லாம் சலாத்தோடு நிறுத்தி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். “தொண்ட கட்டிருக்கு” என்பேன். இரண்டு வருடமாக ஒரு பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்குமா என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லையே, ஏன்?

தொண்ணூற்றொன்பதில் செய்தி வந்தது. வெயிலில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை என்று சொன்னார்கள். அங்கேயே அடக்கிவிட்டார்கள். நம் பள்ளிவாசலில் உங்களுக்காகத் தொழுதபோது முன்வரிசையில் நின்ற பெரியவர்களுக்குச் சமமாக நான் நின்றேன். நீங்கள் கடைசியாகப் பார்த்த போட்டோவில் இருந்த பையன் அவர்கள் இடுப்புக்கு இருந்திருப்பான்.

அம்மா இத்தாவில் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த நாலு மாதமும் பத்து நாளும், துக்கம் கேட்க வந்த பெண்களிடமெல்லாம் இந்தச் சட்டைக் கதையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் அழுதுகொண்டே என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அம்மாவுக்கு உங்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைய இருக்கிற கதை இது ஒன்றுதான். அதை எப்படி நான் அவர் கையிலிருந்து பிடுங்குவேன்?

வாய் மூடி இருந்திருப்பேன், அத்தா. சத்தியமாக இருந்திருப்பேன். ஆனால் இந்தச் செல்வம் விடவில்லை.

படத்தின் மூன்று பையன்களில் ஒருவனை டைரக்டர் நானாக மாற்றிவிட்டார்; செல்வம் என்பவன்தான் அவனாக நடிக்கிற பையன். உடையார்பாளையம் பக்கம், விவசாயக் குடும்பம், பதினாறு வயது. கேமராவை இதற்குமுன் கல்யாண வீட்டில்தான் பார்த்திருக்கிறான். மூன்று நாளாக அந்தப் போட்டோ காட்சிக்கு ஒத்திகை பார்க்கிறோம். உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையை நானே அவனுக்கு மாட்டி, முதுகில் ஊக்கு குத்திவிட்டேன். சிரிடா என்றால் பற்பசை விளம்பரத்தில் சிரிப்பதுபோல் சிரிக்கிறான். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, “ஜாபர், ஒன் கததான, நீயே சொல்லிக் குடு” என்று போய்விட்டார்.

செல்வம் என்னைக் கேட்டான். “அண்ணே, சட்ட மூச்சே வுட முடியாம இறுக்குது. இதப் போட்டுக்கிட்டு ஒருத்தனுக்கு எப்புடிண்ணே சிரிப்பு வரும்?”

“அப்பா மேல பாசம்டா.”

“பாசம்னா பத்தலன்னு எழுதிப் போட்டுருப்பான்லண்ணே. எங்கப்பா செருப்பு சின்னதா வாங்கிட்டு வந்தா நான் தூக்கி அவரு கையிலயே குடுத்துருவேன், மாத்திட்டு வாங்கன்னு. இவன் எதுக்கோ பயப்படுறாண்ணே. எதுக்குன்னு சொல்லுங்க, நடிச்சுர்றேன்.”

இரண்டு மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்று நான் பையன்களைப் பார்த்தேன். இவன் மூன்று நாளில் என்னைப் பார்த்துவிட்டான். என் கை போய் என் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது.

நேற்று மதியம் டைரக்டரிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. கீரையை உருவிக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் கேட்டார்.

“போவ மாட்டேன்னு ஏன்டா சொல்லல?”

“அத்தா கோச்சுக்குவாங்கன்னு.”

“அவங்க தொண்ணூத்தேழுலயே வந்துர்றேன்னாங்க. ஒடம்புக்கு முடியலன்னாங்க. மொதலாளிதான் சொல்லிருக்கான், நீ இப்பப் போனா வேற ஆளப் போட்டுக்குவேன், ஒம் மவன் வளர்றவரைக்கும் இருந்தா இந்த எடத்த அவனுக்கே தர்றேன்னு. ஒனக்காகத்தான் அந்த எடத்தப் புடிச்சு வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. ஒவ்வொரு போட்டோ போனதும் போன் பண்ணுவாங்க. புள்ள இன்னும் வளரலயே, ரெண்டு வருசம் ஆவும் போலயேம்பாங்க. பன்னெண்டாவது முடிக்கட்டும்னு நானும் வளந்துட்டான்னு சொல்லல. ஒங்கிட்டயும் சொல்லல, படிப்புல மனசு நிக்காதேன்னு.”

கீரைத்தட்டைத் தள்ளி வைத்தார்.

“போவ மாட்டேன்னு நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா, எடமும் வேணாம் ஒண்ணும் வேணாம், வந்துருங்கன்னு அன்னைக்கே சொல்லிருப்பேனே.”

“அம்மா” என்றேன்.

“எங்கிட்ட ஏன் சொல்ற? அவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

அஸர் பாங்கு சொன்னார்கள். எழுந்து தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போய்விட்டார். தொழுது முடித்தும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாப்பிட்டியா என்று கேட்காமல் அம்மா என்னை அனுப்பியது என் வாழ்நாளில் நேற்றுதான்.

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அத்தா, நீங்கள் என்னைத் துணைக்குக் கேட்டு அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு இடம் போட்டு வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சிறுத்து உட்கார்ந்திருந்தேன். நான் சிறுத்த ஒவ்வொரு போட்டோவுக்கும் நீங்கள் இன்னும் ஒரு கோடையை வெயிலில் கழித்திருக்கிறீர்கள். வர மாட்டேன் என்ற இரண்டு சொல்லுக்குப் பயந்து உங்களைக் கொன்றுவிட்டேனா? யாரைக் கேட்பது இதை? கேட்டால், விதிப்படி நடந்தது என்று பள்ளிவாசல் ஆலிம்சா சொல்வார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அந்தப் போட்டோக்களை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? கூட இருந்தவர்களுக்குக் காட்டினீர்களா? என் முகத்தில் இருந்தது சிரிப்பு இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையா? பெற்றவருக்கே தெரியவில்லையா? தெரியாமல்தான் போயிருக்கும். நான் நன்றாகச் செய்திருந்தேன். எந்த நடிகனும் அவ்வளவு நன்றாகச் செய்திருக்க மாட்டான்.

டைரக்டரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அழகான கதையைக் கெடுக்கிறாயே என்று என்னை வெளியே அனுப்பலாம். அல்லது, இதுதான் வேண்டும் என்று கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம். படம் வந்தால் நம் ஊரே பார்க்கும். என் தலையைத் தடவிய கைகளையெல்லாம் நான் மறுபடி பார்க்க வேண்டும். அம்மா தெருவில் நடக்க வேண்டும். ஆனால் பொய்யை எடுத்து, அதற்கு ஊர் கண்ணீர் விட்டால், அது நான் உங்களுக்கு அனுப்பும் ஏழாவது போட்டோ, அத்தா. அதை அனுப்ப மாட்டேன்.

நாளைக் காலையில் முதல் வேலையாகச் செல்வத்திடம் சொல்வேன், அந்தப் பையனுக்கு எதற்குப் பயம் என்று. அவன் எதிரிலேயே டைரக்டரிடமும் சொல்வேன். வேண்டாம் என்றால் ஆறு சட்டையையும் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

எப்படி முடிந்தாலும் நாளை மதியம் அம்மாவிடம் போவேன். வாசலில் உட்காருவேன். சாப்பிடக் கூப்பிடவில்லை என்றால் மறுநாளும் போவேன். அதற்கு அடுத்த நாளும். அவர் கூப்பிடுகிறவரை போய்க்கொண்டே இருப்பேன், எத்தனை வருடமானாலும். உங்களுக்குத் தர முடிகிற வாக்கு இது ஒன்றுதான்.

போக மாட்டேன் என்று உங்களிடம் சொல்லாத
உங்கள் ஒரே மகன்,
ஜாபர்